செத்த காலேஜில் ஒரு பென்சில்

“உயிர் காலேஜ் பார்த்தாச்சா? செத்த காலேஜ் பார்த்தாச்சா?”

வெளியூரிலிருந்து பட்டணம் பார்க்க வருகிறவர்களை ஒரு காலத்தில் சென்னையில் இப்படித்தான் கேட்பார்கள். உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சி சாலை. செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம். பாடம் பண்ணி வைத்த மிருகங்கள், எலும்புக்கூடுகள், பழைய நாணயங்கள், பேசாத சிலைகள்... எல்லாம் உயிர் போனவைதானே என்று யாரோ ஒரு குறும்புக்காரர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

1851-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த மியூசியத்துக்கு நம்மில் பெரும்பாலோர் இரண்டே முறை போயிருப்போம். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நடத்திக் கூட்டிப் போனபோது ஒரு முறை. ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்குச் சுற்றிக் காட்ட ஒரு முறை. இரண்டு தடவையும் ஒரு மணி நேரத்தில் அத்தனை கூடங்களையும் நடந்து முடித்து, “அப்பாடா, பார்த்தாச்சு!” என்று வெளியே வந்து வேர்க்கடலை வாங்கித் தின்றிருப்போம்.

மூன்றாவது முறை ஒரு பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு சிலை முன்னால் உட்கார்ந்து, அதைப் பார்த்து வரையுங்கள். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் போய் இன்னொன்று வரையுங்கள். அதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செத்த காலேஜ் எப்படி உயிர் காலேஜ் ஆகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

“எனக்கு வரைய வராதே!”

இப்படிச் சொல்லாத பெண்மணியே இல்லை. ஆனால், விடியற்காலையில் வாசல் தெளித்து, ஸ்கேல் இல்லாமல், காம்பஸ் இல்லாமல், பதினைந்து புள்ளியில் சிக்குக் கோலம் போட்டு, ஆரம்பித்த இடத்திலேயே இழையைக் கொண்டுவந்து சேர்க்கிற கை யாருடையது? சரியான இடைவெளி விட்டுப் புள்ளி வைக்கத் தெரிந்தவளுக்கு, வலப் பக்கமும் இடப் பக்கமும் ஒரே அளவாக வளைக்கத் தெரிந்தவளுக்கு, படம் வரைய வேண்டிய அடிப்படை பாதிக்கு மேல் தெரியும். மீதிப் பாதி, பார்ப்பது.

பார்ப்பதா? அதுதான் தினமும் செய்கிறோமே என்கிறீர்களா? சின்னப் பரீட்சை ஒன்று. பூஜை அறையில் நீங்கள் நாள்தோறும் கும்பிடும் அம்மன் படத்தில் மலர் எந்தக் கையில் இருக்கிறது? காதில் தொங்குவது தோடா, ஜிமிக்கியா? எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். பலருக்குச் சொல்ல வராது. நாம் பார்ப்பது பெரும்பாலும் அடையாளம் தெரிந்துகொள்வதற்காக மட்டுமே. ‘அம்மன் படம்’ என்று மனசு பெயர் வைத்தவுடன் கண் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. வரைய உட்கார்ந்தால் அப்படிப் போக முடியாது. கை கேள்வி கேட்கும். முழங்கை எங்கே மடங்குகிறது? இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது? கண் திரும்பிப் போய்ப் பார்த்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

“போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதாதா?” என்று கேட்கலாம். அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற மனோதத்துவப் பேராசிரியை 2014-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். மாணவர்களை ஒரு மியூசியத்தில் சுற்றிக் காட்டி, சில பொருள்களைப் போட்டோ எடுக்கவும் சிலவற்றை வெறுமே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, போட்டோ எடுத்த பொருள்களைவிட வெறுமே பார்த்தவையே அவர்களுக்கு அதிகம் நினைவிருந்தன! ‘காமெரா பார்த்துக்கொள்ளும்’ என்று மனசு பொறுப்பைத் தட்டிக் கழித்துவிடுகிறது போலும். 2016-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு மறுபக்கம். ஒரு சொல்லை எழுதி வைத்துக்கொண்டவர்களைவிட, அந்தப் பொருளைப் படமாகப் போட்டுப் பார்த்தவர்களுக்கே அது நன்றாக நினைவில் நின்றது. அதற்குப் படம் அழகாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. கிறுக்கினாலும் பலன் உண்டு!

இரண்டு சகோதரிகள்

மியூசியத்தில் உட்கார்ந்து வரைவது புதுப் பழக்கம் அல்ல. பாரிஸ் நகரத்து லூவ்ர் அரண்மனை 1793 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பொது மியூசியமாகத் திறக்கப்பட்டது. பொதுமக்களுக்கென்று சில நாள், ஓவியர்கள் வந்து பார்த்து வரைவதற்கென்று சில நாள் என ஆரம்பத்திலேயே ஒதுக்கினார்கள். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஈசலை நிறுத்தி வரையலாம். நிபந்தனைகள் உண்டு: நகல் அசலின் அதே அளவில் இருக்கக் கூடாது, மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. ஏமாற்று வேலை நடக்கக் கூடாது என்பதற்காக இந்தக் கட்டுப்பாடு.

இதில் பெண்களுக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. பிரான்ஸ் நாட்டின் முதன்மையான அரசு ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஆனால் மியூசியத்தின் கதவு திறந்திருந்தது. பள்ளிக்கூடம் மறுத்த பாடத்தைச் சுவரில் தொங்கிய படங்கள் சொல்லிக் கொடுத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூவ்ரில் நகல் எடுத்தவர்களில் பெண்கள் ஏராளம். அமெரிக்காவிலிருந்து வந்த மேரி கஸாட், தாயும் குழந்தையுமாக வரைந்து பிற்காலத்தில் புகழ்பெற்றவர், 1860-களில் அங்கே உட்கார்ந்து கற்றவர்தான்.

அதே கூடத்தில் 1858-இல் இரண்டு சகோதரிகள் வரைய வந்தார்கள். எட்மா மொரிஸோ, பெர்த் மொரிஸோ. நல்ல வசதியான குடும்பத்துப் பெண்கள். அவர்களுக்குப் பாடம் சொன்ன ழோஸெஃப் கிஷார் என்ற ஆசிரியர், தாயாரைத் தனியே எச்சரித்தாராம். உங்கள் பெண்கள் பொழுதுபோக்கோடு நிற்க மாட்டார்கள், உண்மையான ஓவியர்களாகிவிடுவார்கள். உங்களைப் போன்ற குடும்பத்தில் அது பெரிய பூகம்பம் மாதிரி, யோசித்துக்கொள்ளுங்கள் என்று. தாயார் பயப்படவில்லை. பெண்கள் தொடர்ந்து வரைந்தார்கள். 1864-இல் இருவர் படங்களும் பாரிஸின் பெரிய அரசுக் கண்காட்சியில் இடம் பெற்றன.

1869-இல் எட்மாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவர் கடற்படை அதிகாரி. பாரிஸை விட்டு லோரியான் என்ற துறைமுக ஊருக்குப் போனார். அதோடு தூரிகை ஏறக்குறைய நின்றுவிட்டது. தங்கைக்கு எழுதிய கடிதங்களில், தாங்கள் சேர்ந்து வரைந்த அறையின் நினைவு திரும்பத் திரும்ப வருகிறது. 1872-இல் பெர்த் ஒரு படம் வரைந்தார். தொட்டிலில் குழந்தை தூங்குகிறது. அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த அம்மா, எட்மாதான். ‘தொட்டில்’ என்ற அந்தப் படம் இன்று பாரிஸின் ஒர்ஸே மியூசியத்தில் உலகப் புகழோடு தொங்குகிறது. 1874-இல் இம்ப்ரெஷனிஸ்டுகள் நடத்திய முதல் கண்காட்சியில் பங்கு பெற்ற ஒரே பெண் பெர்த். அந்த ஆண்டு அவருக்கும் கல்யாணம் ஆயிற்று. 1878-இல் பெண் குழந்தை பிறந்தது. அவர் வரைவதை நிறுத்தவில்லை. அந்தக் குழந்தையையே நூறு விதமாக வரைந்து தள்ளினார்.

ஒரே வீடு, ஒரே ஆசிரியர், ஒரே மியூசியம். ஒருத்தி கை தொடர்ந்தது. ஒருத்தி கை நின்றது. எட்மாவைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நம் தெருவிலேயே எத்தனை எட்மாக்கள்! ஸ்கூலில் டிராயிங்கில் முதல் பரிசு வாங்கியவள், கல்யாணத்துக்கு வந்தபோது பெட்டி அடியில் அந்த நோட்டை வைத்துக் கொண்டுவந்தவள், இன்றைக்கு அது பரணில் எந்த மூலையில் கிடக்கிறது என்றே தெரியாதவள். அவள் மறுபடி தொடங்க முடியுமா? முடியும். உலகப் புகழ் வர வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம் அவளுடையதாக இருந்தால் போதும்.

நம் ஊர்ப் பாடசாலைகள்

சிற்பங்களைப் பார்த்து வரைவதற்கு நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்கள் யார்? ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்த ‘சில்பி’யை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கோயில் கோயிலாகப் போய், சந்நிதியிலும் மண்டபத்திலும் உட்கார்ந்து, தூண் சிற்பத்தையும் உற்சவ மூர்த்தியையும் நேருக்கு நேர் பார்த்து வரைந்தவர். அவருடைய கோடுகளைக் கத்தரித்துப் பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் எத்தனையோ.

எழும்பூர் மியூசியத்தின் வெண்கலக் கூடத்தில் சோழர் காலத்துப் படிமங்கள் நிற்கின்றன. திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். பிரெஞ்சு சிற்பி ரொதேன் அவரைப் புகைப்படங்களில் மட்டுமே பார்த்தார். பார்த்து மயங்கி 1913-இல் எழுதி வைத்த வரிகள் 1921-இல் அச்சாயின. அவருக்குப் போட்டோதான் கிடைத்தது. நமக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் சாட்சாத் அவரே இருக்கிறார்! திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கு உண்டு. ஒரே உடம்பில் வலப் பாதி ஐயன், இடப் பாதி அம்மை. வலப் பக்கம் இரண்டு கை, இடப் பக்கம் ஒரு கை. இரு பக்கத்துக் கோடுகளையும் வரைந்து பார்த்தால்தான், இடுப்பு வளைவு ஒரு பக்கம் எப்படி நிமிர்ந்து இறங்குகிறது, மறுபக்கம் எப்படி நெளிகிறது என்ற அதிசயம் விளங்கும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு அரண்மனைக் கலைக்கூடம் இருக்கிறது. திருவெண்காட்டு ரிஷபவாகனரை அங்கே பாருங்கள். சுவாமி ஒரு காலை மடக்கிப் போட்டு, ஒரு கையை ஒயிலாகச் சாய்த்து நிற்கிறார். எதன் மேல் சாய்ந்திருக்கிறார்? ரிஷபத்தின் மேல். அந்த ரிஷபத்தைக் காணோம்! ஆனாலும் கை காற்றின் மேல் சாய்ந்திருக்கிறது, விழவில்லை. அந்தக் கையை வரைகிறபோது, இல்லாத காளையும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். மதுரை, புதுக்கோட்டை என்று மற்ற ஊர்களிலும் அரசு மியூசியங்கள் உண்டு. எதுவும் அருகில் இல்லாவிட்டால் கோயில் தூண் இருக்கிறதே!

என்னென்ன வேண்டும்?

அதிகம் செலவில்லை. கோடு போடாத நோட்டு ஒன்று. எச்.பி. பென்சில் ஒன்று, கொஞ்சம் கறுப்பாக எழுதும் 2பி அல்லது 4பி ஒன்று. ரப்பர். மூடியுள்ள ஷார்ப்பனர், பென்சில் சீவல் கூடத்தின் தரையில் விழக் கூடாது. நோட்டு மெல்லியதாக இருந்தால் பிள்ளைகளின் பரீட்சை அட்டையை அடியில் வைத்துக்கொள்ளலாம். வண்ணம், மசி, பேனா எதுவும் வேண்டாம். தெறித்தால் பழம்பொருள் பாழாகும் என்பதால் பெரும்பாலான மியூசியங்களில் பென்சிலை மட்டுமே அனுமதிப்பார்கள்.

நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்திலேயே, “உட்கார்ந்து பென்சிலில் வரையலாமா?” என்று கேட்டுவிடுங்கள். மடக்கு ஸ்டூல் கொண்டுபோவதானால் அதற்கும் சேர்த்துக் கேளுங்கள். காவலாளியிடம் ஒரு வணக்கம் சொல்லி வையுங்கள். இரண்டாம் தடவை போகும்போது அவரே, “வாங்கம்மா, இன்னிக்கு எந்தச் சிலை?” என்பார். சென்னை மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

எப்படி ஆரம்பிப்பது?

முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடராஜரிடம் உடனே போகாதீர்கள். நாலு கை, தூக்கிய திருவடி, காலடியில் முயலகன்... பழகாத கைக்குத் திணறிப் போகும். தனியாக நிற்கும் ஓர் அம்மன் படிமம் நல்ல தொடக்கம். அதுவும் கஷ்டமாக இருந்தால் ஒரு கையை மட்டும், அல்லது ஒரு பாதத்தை மட்டும் வரையுங்கள்.

இரண்டாவது, ஐந்து நிமிஷம் பென்சிலைத் தொடாதீர்கள். சும்மா பாருங்கள். ஒரு முறை சுற்றி வாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து உங்களுக்குப் பிடிக்கிறதோ அங்கே நில்லுங்கள்.

மூன்றாவது, வெளிக் கட்டம். தலை உச்சி எங்கே, பாதம் எங்கே, இரு பக்கமும் எது வரை நீள்கிறது என்று தாளில் நாலு சின்னக் கோடு போடுங்கள். புடவை கட்டுவதற்கு முன் தலைப்பு அளவு பார்ப்பதில்லையா, அது போல. இதைச் செய்யாவிட்டால் முகம் பெரிதாகி, கால் தாளுக்கு வெளியே போய்விடும்!

நான்காவது, தூக்குக் கோடு. பென்சிலைக் கண்ணுக்கு நேரே செங்குத்தாகப் பிடியுங்கள். சிலையின் மூக்குக்கு நேர் கீழே என்ன வருகிறது? தொப்புளா, முழங்காலா, எந்தப் பாதம்? நம் அம்மன்கள் விறைப்பாக நிற்பதில்லை. ஒரு காலில் பாரத்தை ஊன்றி, இடுப்பு ஒரு பக்கம், தோள் மறுபக்கம் சாய, திரிபங்கமாக நிற்பார்கள். தோளுக்கு ஒரு சாய்வுக் கோடு, இடுப்புக்கு ஒரு சாய்வுக் கோடு. இந்த இரண்டும் சரியாக விழுந்தால் சிலை நிற்கும். தவறினால் பொம்மலாட்டப் பொம்மை ஆகும். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று பாருங்கள். அதே திரிபங்கம்தான்!

ஐந்தாவது, அளவு. கையை முழுதும் நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, சிலையின் முக நீளத்தைப் பென்சில் மேல் கட்டைவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவைக் கீழே கீழே இறக்கினால் உடம்பு எத்தனை முகம் என்று தெரியும். இது வெள்ளைக்காரர் வித்தை மட்டுமல்ல. நம் ஸ்தபதிகளின் தாளக் கணக்கும் முகத்தை வைத்துத்தான். சிவன், விஷ்ணு முதலிய மூர்த்திகளுக்கு உத்தம தச தாளம், 124 பங்கு. தேவியருக்கு மத்திம தச தாளம், 120 பங்கு. சுவாமிமலையில் ஸ்தபதிகள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை வெட்டி, அதையே மடித்து மடித்துப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். நீங்களும் ஒரு காகித நறுக்கை உங்கள் படத்தின் உயரத்துக்குக் கத்தரித்து, எட்டாக மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், இடுப்பும் முழங்காலும் எந்த மடிப்பில் விழுகின்றன என்று சுலபமாகச் சரிபார்க்கலாம்.

ஆறாவது, இடைவெளியை வரையுங்கள். மடக்கிய கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு சந்து தெரிகிறதல்லவா? அது என்ன வடிவம்? முக்கோணமா, மாங்காயா? கையை வரைவதை விட்டு, அந்த மாங்காயை வரையுங்கள். கை தானாகச் சரியாகிவிடும். கோலத்தில் இழைக்கு நடுவே விழும் கட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது புதிது அல்ல.

கடைசியில்தான் நகையும் கிரீடமும். நம் பெண்களுக்கு முதலில் நெற்றிச் சுட்டியையும் ஒட்டியாணத்தையும் வரைய ஆசை வரும். பொறுங்கள்! சாதம் வேகாமல் தாளித்து என்ன பிரயோஜனம்? உடம்பு நின்ற பிறகு நகை போடலாம். வெளிச்சம் விழும் இடத்தை வெள்ளையாக விடுங்கள், நிழலை லேசாகத் தீற்றுங்கள், மிக ஆழமான நிழலை மட்டும் அழுத்துங்கள். மூன்றே நிறம், போதும்.

முடித்ததும் ஓரத்தில் தேதி, சிலையின் பெயர், ஊர், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதுங்கள். நன்றாக வரவில்லை என்று தாளைக் கிழிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும் சந்தோஷத்தை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

வீட்டுப் பாடம்

மியூசியத்துக்குப் போவது பதினைந்து நாளுக்கு ஒரு தரம். நடுவில்? பாரிஸில் லெகோக் த புவாபோத்ரான் என்ற ஓவிய ஆசிரியர் இருந்தார். பார்த்ததை மனசில் பதித்துக்கொண்டு, பிறகு அதைப் பார்க்காமலே வரைய வேண்டும் என்பது அவர் முறை. ரொதேன் இளம் வயதில் அவரிடம் கற்றவர். குடும்பப் பெண்களுக்கு இதைவிடத் தோதான முறை கிடையாது! குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, பால் காயும்போது, ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் அந்தச் சிலையை ஞாபகத்திலிருந்து போட்டுப் பாருங்கள். எந்த இடம் நினைவுக்கு வரவில்லையோ, அந்த இடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை முதலில் அதைப் பாருங்கள்.

“நேரம் ஏது?”

இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் வயதான மாமியாரும் உள்ள ஒரு பெண்மணியைத் தெரியும். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் பென்சிலைத் தொட்டதில்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை, பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு மியூசியத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

“சிலையைப் பார்த்துக் கிறுக்கறதுக்கா பஸ் ஏறிப் போறே? வீட்டுல இல்லாத சாமியா?” என்று மாமியார் கேட்டார்.

“ஒன்றரை மணி நேரம்தானே அத்தை, வந்துடறேன்” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். வாதம் செய்யவில்லை. நோட்டைக் கூடத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாள் சமையலறையில் இருந்தபோது மாமியார் கூப்பிட்டார்.

“இங்க வா. இந்த அம்மனுக்குக் கை வளையல் இப்படி இருக்காதுடி. முழங்கைக்கு மேல இருக்கிறது வங்கி. அது கையோட ஒட்டித்தான் இருக்கும். நீ தொங்க விட்டிருக்கே பாரு.”

அடுத்த சனிக்கிழமை மாமியாரும் கூடப் போனார். வரையவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு நகைக்கும் பெயர் சொன்னார். அந்த வீட்டில் இன்று அந்த நோட்டு மூன்றாவது நோட்டு.

“படம் பிரமாதமா வருதுன்னு சொல்ல மாட்டேன்” என்கிறாள் அவள். “ஆனா அந்த ஒன்றரை மணி நேரம் யாரும் என்னை அம்மான்னோ, ஏய்னோ கூப்பிடறதில்லை. திரும்பி வந்தா, அவங்க கூப்பிடறது கோபம் வராம கேக்குது.”

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

ஐந்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அவர்களுக்கும் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். ‘இந்தக் கூடத்தில் எத்தனை யானை இருக்கிறது, உனக்குப் பிடித்த ஒன்றை வரை’ என்று ஒரு வேலை கொடுங்கள். சாப்பாடு கொடுத்துவிட்டுக் கூட்டிப் போங்கள். பசித்த குழந்தைக்குச் சோழர் கலை ருசிக்காது! சிலையைத் தொடக் கூடாது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கை ஈரமும் வியர்வையும் பழைய உலோகத்தைக் கெடுக்கும் என்று காரணமும் சொன்னால் கேட்பார்கள். அரை மணிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். முக்கியமாக, அவர்கள் படத்தைத் திருத்தாதீர்கள். “யானைக்கு ஏன் ஐந்து கால்?” என்று சிரித்தால், அந்தப் பிள்ளை அதோடு பென்சிலைக் கீழே வைத்துவிடும். “தும்பிக்கை எப்படி வளைஞ்சிருக்கு, இன்னொரு தரம் பாக்கலாமா?” என்று கேளுங்கள். தானே எண்ணித் திருத்திக்கொள்ளும்.

உடம்பையும் கவனியுங்கள்

ஒரே நிலையில் நின்று வரைந்தால் இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். கால் மணிக்கு ஒரு முறை நோட்டை மூடிவிட்டு நாலு அடி நடங்கள், தோளைச் சுழற்றுங்கள். நோட்டை மடியில் தட்டையாக வைத்துக் குனிந்து வரையாமல், மேல் பக்கம் சற்று உயர்த்திப் பிடித்தால் கழுத்து வலி குறையும், கோணலும் வராது. கர்ப்பிணிகள் நின்று வரைய வேண்டாம், உட்கார இடமுள்ள சிலையாகத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள், தூரத்துச் சிலையும் பக்கத்துத் தாளும் இரண்டும் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் அது வரையும் குறையல்ல. கண் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்.

எத்தனை நாளில் வரும்?

பத்துப் படம் வரை எதிர்பார்ப்பு வேண்டாம். முதல் இரண்டு மூன்று, ‘இதற்கா பஸ் ஏறி வந்தோம்’ என்று தோன்றும்படிதான் இருக்கும். அப்போதுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தின் பெரிய சிற்பி ஹென்றி மூர், 1921-இல் லண்டனுக்குப் படிக்க வந்த காலத்தில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பழைய சிற்பங்களை நோட்டு நோட்டாக வரைந்தார். அவ்வளவு பெரிய கைக்கே அத்தனை நோட்டு வேண்டியிருந்தது.

ஆகவே நாள் குறித்துக்கொள்ளுங்கள். காலண்டரில் பால் கணக்கும் கேஸ் புக் பண்ணிய தேதியும் எழுதுகிறோமே, அதே இடத்தில் மாதத்துக்கு இரண்டு நாள் ‘மியூசியம்’ என்று எழுதுங்கள். எழுதி வைத்தால்தான் வீட்டில் உள்ளவர்களும் அதை ஒரு வேலையாக மதிப்பார்கள். விருந்தாளி வந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள், அடித்துவிடாதீர்கள்.

பரணில் அந்தப் பழைய டிராயிங் நோட்டு இருக்கிறதா? ஏணி போட்டு இறக்குங்கள். பின்பக்கத்தில் இன்னும் எழுதாத தாள் இருக்கும். அதிலேயே ஆரம்பிக்கலாம்.